கோட்டுக்குக் கீழே ஆர்?

மரண அறிவித்தலை நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் வாசிக்கிறோம். செத்தது யார், எந்த ஊர், எங்களுக்குச் சொந்தமா, தகனம் எத்தனை மணிக்கு. அதோடு பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவோம். இடாப்பக்கா அப்படி வாசிக்கமாட்டார். அறிவித்தலில் இல்லாத ஆளைத்தான் அவர் வாசிப்பார்.

எங்கள் ஊரில் பெயர்ப்பட்டியல் எதுவென்றாலும் இடாப்புத்தான். பள்ளிக்கூடத்தில் வரவு பார்க்கிற கொப்பியும் இடாப்பு, தேர்தல் பட்டியலும் இடாப்பு. பிறப்பு இறப்புப் பதிவுக் கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் கிளாக்காக இருந்து இளைப்பாறிய அந்த மனிசிக்குச் சுன்னாகத்தில் யார் முதலில் அந்தப் பெயரை வைத்தார்களோ தெரியாது. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊரில் எல்லாருடைய பெயரையும் எழுதி வைத்த மனிசி, தன் பெயரை எங்கேயும் போட விரும்பாதவர்.

அவருடைய முறை எளிது. ஒரு குடும்பத்தில் மூத்தவர் செத்தபோது வந்த அறிவித்தலில் சகோதரங்கள் ஆறு பேர் இருப்பார்கள். பத்து வருடம் கழித்து மூன்றாமவர் செத்தபோது ஐந்து பேர்தான் இருப்பார்கள். எங்கள் வழக்கப்படி செத்தவர்களையும் 'காலஞ்சென்ற' என்று முன்னால் போட்டுச் சேர்த்துத்தான் எழுதுவது. ஆகவே சாவதால் ஒரு பெயரும் குறையாது. குறைந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கும். சாதி மாறிக் கலியாணம் கட்டியிருப்பார், மதம் மாறியிருப்பார், காணிக்காக வழக்குப் போட்டிருப்பார். இடாப்பக்கா இரண்டு அறிவித்தலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, விடுபட்ட ஆளின் பெயரைச் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் எழுதுவார். அவரிடம் அப்படிப் பெரிய கொப்பிகள் இருபதுக்கு மேல் இருந்தன.

நான் சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் அச்சகம் வைத்திருக்கிறவன். என் தொழிலில் பாதி செத்தவர்களால் நடக்கிறது. சொல்ல வெட்கம் இல்லை. செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, சாப்பாடு போட்டு, வந்தவர்களுக்கு ஒரு புத்தகம் கொடுப்பார்கள். அதைக் கல்வெட்டு என்போம். படம், தேவாரம், செத்தவரைப் பற்றிய புளுகு, கடைசியில் வம்சாவளி. பூட்டன் பூட்டியில் தொடங்கி, கோடு கோடாக இறங்கி, கனடாவில் நேற்றுப் பிறந்த குழந்தை வரைக்கும் வரும். புத்தகத்தில் கஷ்டமான பக்கம் அதுதான். பெயர் வேறு, கோடு வேறு. கணினியில் இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒரு பெயர் கூடினால் முழுப் பக்கத்தையும் அவிழ்த்துக் கட்ட வேண்டும்.

செவ்வாய்க்கிழமைகளில் இடாப்பக்கா வருவார். உயர்ந்த, மெலிந்த ஆள். சேலைக்கு மேலே வெயிலுக்கு ஒரு பழைய ஆம்பிளைச் சேட்டு. சைக்கிள் பிடியில் உரப்பையை வெட்டித் தைத்த ஒரு பை தொங்கும். மழை வந்தால் ஆள் நனையலாம், கடதாசி நனையக்கூடாது என்பார். வந்ததும் அந்தக் கிழமை அச்சடித்த கல்வெட்டுகளில் ஒவ்வொன்று எடுத்துக்கொள்வார். கேட்கமாட்டார். வரி அறவிடுகிற மாதிரி எடுப்பார். நான் சீனி இல்லாத தேத்தண்ணி கொடுப்பேன். அவர் சேட்டுப் பையிலிருந்து பனங்கட்டித் துண்டொன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு, நின்றபடியே கடைசிப் பக்கத்தை விரிப்பார். கோடு போடுகிற அடிமட்டத்தை வம்சாவளியில் வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்குவார். அந்த அடிமட்டம் நிற்கிற இடத்தில் யாரோ ஒரு ஆள் இல்லை என்று அர்த்தம்.

எனக்கு அவரைக் கண்ணில் காட்டக்கூடாது. அதை ஒளிக்கவில்லை. ஊரிலும் பாதிப் பேருக்கு அவரைக் கண்டால் பயம். கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டில் அவருடைய சைக்கிள் மணி கேட்டால் கதையை நிறுத்திவிடுவார்கள். எந்தக் குடும்பத்தில் யாரை மறைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். இத்தனைக்கும் அவர் ஒரு கலியாணத்தையும் குழப்பியதில்லை. சம்பந்தப்பட்ட ஆள் வந்து கேட்டால் சொல்லுவார். இல்லாவிட்டால் வாயைத் திறக்கமாட்டார். கந்தோர்ப் பழக்கம். ஆனால் திறக்காத வாய்க்குத்தான் சனம் கூடப் பயப்படும்.

இளைப்பாறிய பிறகு அவர் கந்தோருக்கு முன்னாலுள்ள தேத்தண்ணிக்கடை விறாந்தையில் ஒரு மேசை போட்டு இருந்தார். சண்டையில் பத்திரம் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்த சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். பிறந்த திகதி தெரியாதவர்கள் வருவார்கள். அந்த வருடம் என்ன புயல், வீட்டில் எந்த மாடு கன்று போட்டது, மூத்தவர் எந்த வகுப்பில் படித்தார் என்று கேட்டுக் கேட்டு, மாதம் வரைக்கும் இறங்கிவிடுவார். பிறகு போய்ப் பழைய பதிவைத் தேடினால் அந்த மாதத்தில்தான் இருக்கும். ஆளே காணாமல் போனவர்களின் வீட்டாரும் அவரிடம்தான் வருவார்கள். அவர்களோடு அவர் அவசரப்படமாட்டார். படிவத்தை மூடி வைத்துவிட்டு முதலில் அந்த ஆளைப் பற்றிச் சொல்லச் சொல்லுவார்.

லண்டன்காரரின் கதையைச் சொன்னால்தான் இந்த மனிசியின் குணம் விளங்கும்.

லண்டனிலிருந்து ஒருவர் வந்தார். அறுபது வயது, கழுத்தில் தடித்த சங்கிலி. தன் பரம்பரையை முழுக்கத் தேடி, தோல் அட்டை போட்ட புத்தகமாக அச்சடிக்க வேண்டும் என்றார். நான் இடாப்பக்காவிடம் அனுப்பினேன். எட்டு மாதத்தில் அவர் ஏழு தலைமுறையைப் பிடித்துவிட்டார். பழைய காணி உறுதி, கோயில் உபயப் பட்டியல், கல்வெட்டு, கந்தோர்ப் பதிவு என்று எல்லாம் சேர்த்து. நடுவில் ஒரு சிக்கல். லண்டன்காரரின் அப்பாவைப் பெற்றவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அநுராதபுரத்தில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கிறது. சிங்களப் பெண். மூன்று பிள்ளைகள். பதிவில் தகப்பன் பெயர், பிறந்த ஊர் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

லண்டன்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. என் அச்சகத்தில் வைத்துத்தான் கதை நடந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைத் தாருங்கோ என்றார். இடாப்பக்கா கட்டி வைத்திருந்த கடதாசிக் கட்டைத் திரும்பவும் உரப்பைக்குள் வைத்தார்.

"முழுசா வேணுமெண்டால் கொண்டு போங்கோ. குறைச்சு வேணுமெண்டால் வேறை ஆளைப் பாருங்கோ."

"நான் கேட்டது என்ரை பரம்பரையை."

"உதுதான் உங்கடை பரம்பரை. நானே கேட்டனான் அவரை ரெண்டு வீடு வைச்சிருக்கச் சொல்லி?"

லண்டன்காரர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். என் கதவு. இன்றைக்கும் ஒழுங்காகப் பூட்டுவதில்லை. ஒரு கிழமையில் திரும்பி வந்து கட்டை முழுசாகவே வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வருடம் அதே ஆள் ஒரு படத்தோடு வந்தார். அநுராதபுரத்தில் ஒரு வீட்டு வாசலில் பதினாறு பேருக்கு நடுவில் நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் நிற்கிற கிழவருக்கு அச்சு அசல் அவருடைய மூக்கு. "அக்கா, என்ன சமையல் தெரியுமே" என்று தொடங்கிச் சாப்பாட்டைப் பற்றியே அரை மணித்தியாலம் கதைத்தார். இடாப்பக்கா படத்தைப் பார்த்துப் பதினாறு பேரையும் எண்ணிவிட்டு, படத்தை எடுத்த ஆள் யார் என்று கேட்டார். அந்த ஆளையும் எழுத வேண்டுமாம்.

இனி என் கதை. சொல்லாமல் விடலாம். விட்டால் அவர் செவ்வாய்க்கிழமை வந்து அடிமட்டத்தை வைப்பார் என்று இன்றைக்கும் ஒரு எண்ணம்.

நாங்கள் ஐந்து பேர். நான் மூத்தவன், எனக்குக் கீழே இரண்டு தம்பிமார், இரண்டு தங்கச்சிமார். நாலாவது சாந்தி. அவள் யாழ்ப்பாணம் பட்டினத்துக்குத் தையல் பழகப் போனாள். அங்கே தையல்கடை வைத்திருந்த முஸ்லிம் பெடியனைக் கலியாணம் கட்டினாள். ஐயா வந்து கிணற்றடியில் தலை முழுகினார். அவள் செத்தாள் என்றார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பக்கத்தில் நின்று வாளியில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவன் நான்.

இரண்டு வருடம் போகவில்லை. தொண்ணூறாம் ஆண்டு, பட்டினத்து முஸ்லிம் சனம் முழுவதையும் ஆயுதம் வைத்திருந்தவர்கள் உடுத்த உடுப்போடு வெளியேற்றினார்கள். ஊர் முழுக்கக் கதை. எங்கள் வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை. அவள் எங்கே போனாள், நடந்து போனாளா, லொறியில் போனாளா, வயிற்றில் பிள்ளை இருந்ததா என்று ஐயா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மா மட்டும் மூன்று நாள் சமைத்ததைச் சாப்பிடவில்லை. வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது என்றார். நாங்களும் மருந்து வாங்கிக் கொடுத்தோம். அப்படிப்பட்ட வீடு.

சண்டை முடிந்து இரண்டு வருடத்தில் ஐயா செத்தார். கல்வெட்டை நான்தான் செய்தேன். வம்சாவளியில் கை பழக்கத்தில் ஐந்து பெயரையும் அடித்துவிட்டது. பார்த்தேன். நாலாவது பெயரை அழித்தேன். கனடாவிலிருந்து வந்த தம்பியும் டென்மார்க்கிலிருந்து வந்த தம்பியும் சரி பார்த்தார்கள். ஐந்நூறு புத்தகம் அடித்தோம். வந்த சனம் வாங்கிக்கொண்டு போனது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஐயா செத்து இரண்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. இடாப்பக்கா ஐயாவின் கல்வெட்டை அந்தியேட்டி அன்றைக்கே எடுத்துக்கொண்டு போயிருந்தார். அதைப் பையிலிருந்து திரும்ப எடுத்து என் மேசையில் விரித்தார். அடிமட்டத்தை வைத்தார்.

"தம்பி, இந்தக் கோட்டுக்குக் கீழை ஆர்?"

அப்போதுதான் நானே கண்டேன். பெயரை அழித்த நான் கோட்டை அழிக்கவில்லை. ஐயா அம்மாவின் பெயருக்குக் கீழே கிடைக் கோடு, அதிலிருந்து ஐந்து சின்னக் கோடு. நாலில் பெயர் தொங்கியது. ஒன்று வெறுமனே நின்றது, சட்டை மாட்டாத கொழுக்கி மாதிரி.

"ஒருத்தரும் இல்லை. அச்சுப் பிழை."

"உன்ரை அச்சுப் பிழையள் எனக்குத் தெரியும். நீ எழுத்திலைதான் பிழை விடுறனி. கோட்டிலை விடமாட்டாய்."

நான் கத்தினேன். வேலை செய்கிற பிள்ளைகள் மெசினை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தார்கள். உங்கடை வேலையைப் பார்த்துக்கொண்டு போங்கோ என்றேன். இதுதான் என்ரை வேலை என்றார். இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றேன். அவர் பனங்கட்டியைக் கடித்து முடித்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தார். ஒன்றும் நடவாத மாதிரிப் புத்தகங்களை எடுத்தார். வாசலில் சைக்கிள் ஸ்ராண்டைத் தட்டிவிட்டு, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்.

"கோடு நிக்குது, தம்பி."

இப்படி மூன்று வருடம். ஒவ்வொரு செவ்வாயும் சொல்லமாட்டார். அப்படிச் சொன்னால் எனக்குக் காது பழகியிருக்கும். மூன்று கிழமை சும்மா வருவார். நான் மறந்திருக்கிற நேரம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். ஒருமுறை மழையில் நனைந்துகொண்டே வந்து சொன்னார். ஒருமுறை என் மகளின் கலியாணத்தில், வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்ற என்னிடம் சொன்னார். மொய் கொடுக்கிற மாதிரிக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு விசர் பிடித்தது.

இதற்கிடையில் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயம் பெருத்திருக்கிறது, கவனமாகப் பாருங்கோ என்று ஆசுப்பத்திரியில் சொன்னார்கள். கவனமாகப் பாருங்கோ என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

ஒருநாள் காலையில் அம்மா முற்றத்தில் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் அச்சகத்துக்கு வெளிக்கிட்டேன். அன்றைக்குச் செவ்வாய். கொதி தாங்காமல் இடாப்பக்காவைத் திட்டினேன். மூன்று வருடமாக ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா, விசர் மனிசி என்றேன். அம்மா கத்தியை வைத்தார். எழும்பிப் போய்ச் சாமித்தட்டிலிருந்து ஐயாவின் கல்வெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கடைசிப் பக்கம் தானாகத் திறந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே கடதாசி கறுத்து, மெழுகு பிடித்த மாதிரி மினுங்கியது. விரல் பட்டுப் பட்டு வந்த ஊத்தை.

"நீ எனக்காகத்தான் உந்தக் கோட்டை விட்டனி எண்டு நினைச்சன் மோனை. ஐயாவுக்குப் பயந்து பேரை எடுத்தாலும், அவளின்ரை இடத்தை விட்டிருக்கிறாய் எண்டு."

அது மறதி அம்மா, கோடும் பெயரும் வேறு வேறு, பெயரை அழித்தால் கோடு தானாகப் போகாது என்று சொல்லவா? வாழ்க்கையில் அதுவரை நான் செய்த ஒரேயொரு நல்ல காரியம் ஒரு பிழை. அதையும் அம்மா எனக்கு வரவு வைத்துக்கொண்டு மூன்று வருடம் இருந்திருக்கிறார்.

"ஒருக்கா அவளைப் பாக்கோணும்" என்றார் அம்மா. பிறகு கத்தியை எடுத்து வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினார். வெங்காயம் இருந்தது நல்லதாகப் போய்விட்டது, இருவருக்கும்.

அச்சகத்துக்குப் போகவில்லை. நேராகத் தேத்தண்ணிக்கடை விறாந்தைக்குப் போனேன். இடாப்பக்காவுக்கு முன்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். நானும் அவர்களோடு வாங்கில் இருந்தேன். என் முறை வரும்வரை அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன படிவம்?"

"படிவம் இல்லை. ஒரு ஆளைத் தேடோணும்."

"ஆரை?"

"தங்கச்சியை."

"பேரைச் சொல்லும்."

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் தெருவில் அதே பெயரில் இன்னொரு பிள்ளை இருந்தது. அவளைக்கூடக் கடைசி வீட்டுப் பிள்ளை என்றுதான் சொல்லுவேன்.

"சாந்தி."

இடாப்பக்கா பேனையை மூடினார். மேசைக்குக் கீழேயிருந்த உரப்பைக்குள் கையை விட்டார். தேடவில்லை. மேலேயே இருந்தது. ஒரு படிவத்தின் போட்டோப் பிரதி. இறப்புச் சான்றிதழின் பிரதி எடுப்பதற்கான விண்ணப்பம். இறந்தவரின் பெயர், என் ஐயாவின் பெயர். விண்ணப்பதாரியின் பெயர் ஒரு முஸ்லிம் பெயர். முகவரி பட்டினம், என் அச்சகத்திலிருந்து ஆறு மைல். இறந்தவருக்கும் விண்ணப்பதாரிக்கும் உள்ள உறவு என்ற இடத்தில் இடாப்பக்காவின் குண்டுக் கையெழுத்தில் ஒரு சொல். மகள்.

திகதியைப் பார்த்தேன். ஐயா செத்து இரண்டாம் மாதம். இடாப்பக்கா முதல் முறை என் மேசையில் அடிமட்டத்தை வைத்த கிழமை.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மூன்று வருடமாகத் தெரிந்துகொண்டு என்னைப் பேய்க்காட்டினீர்களா, அங்கே கிழவிக்கு மூச்சு இழுக்குது என்று மேசையில் அடித்தேன். அவர் மைப்போத்தல் விழாமல் பிடித்துக்கொண்டார். சத்தம் போட்டு முடியும்வரை விட்டார்.

"பேப்பரிலை அறிவித்தலைப் பாத்திட்டு வந்தவ. தன்ரை பேர் இல்லாத கடதாசியைத்தான் ஊர் முழுக்கக் குடுத்திருக்கினம், மகள் எண்டு எழுதின கடதாசி ஒண்டு தனக்கு வேணும் எண்டவ. நான் எழுதிக் குடுத்தன். வீட்டுக்குச் சொல்லவோ எண்டு கேட்டன். வேண்டாம், அண்ணை தானாக் கேட்டால் மட்டும் சொல்லுங்கோ எண்டவ. நான் எப்பிடிச் சொல்லுறது? உன்னைக் கேக்கப் பண்ணத்தான் என்னாலை ஏலும்."

"நான் கேக்காமலே விட்டிருந்தால்?"

"செவ்வாய்க்கிழமை வந்திருப்பன்."

அதற்கு மேல் அவரோடு என்ன சண்டை பிடிப்பது. மோட்டார்சைக்கிளை எடுத்தேன். வழி தெரியாது என்று அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு பக்கமாக இருந்துகொண்டு, பையை மடியில் வைத்து, ஒவ்வொரு சந்தியிலும் இந்த வீட்டில் யார் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு சொல் என் காதில் ஏறவில்லை. பள்ளிவாசலைத் தாண்டி மூன்றாவது ஒழுங்கை. புதிதாகப் பூசிய சின்ன வீடு. உள்ளே தையல் மெசின் சத்தம். இடாப்பக்கா இறங்கி மதில் நிழலில் நின்றுகொண்டார். உள்ளே வரச் சொன்னேன். படிவம் எழுதின ஆளுக்கு அங்கே என்ன வேலை என்றார்.

மெசின் நின்றது. முக்காடு போட்ட ஒரு மனிசி வாசலுக்கு வந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். நான் ஹெல்மெட்டைக் கழட்டினேன்.

"அண்ணை" என்றாள். "தலைமயிர் எல்லாம் எங்கை போட்டுது?"

அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியில் நினைத்து வைத்திருந்தது ஒன்றும் தேவைப்படவில்லை. பிறகு கேட்டேன், பல முறை. ஒவ்வொரு முறையும் அவள் ஏசினாள். ஏசட்டும். வாளியில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவன் நான். மச்சான் உள்ளேயிருந்து கதிரை கொண்டு வந்து போட்டார். நரைத்த மனிதர். புத்தளத்தில் இருபது வருடம் தைத்த கை. என் சேட்டின் கொலரைப் பார்த்து, உதை ஆர் தைச்சது, ஒரு பக்கம் இழுக்குது, கழட்டித் தாங்கோ என்றார். எங்களுக்குள் நடந்த முதல் கதை அதுதான்.

வெள்ளிக்கிழமை சாந்தி வந்தாள். மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மூத்தவன் புத்தளத்தில் பிறந்தவன், எங்கள் அம்மாவை உரித்து வைத்த மாதிரி. அம்மாவும் அவளும் அறைக்குள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அரை மணித்தியாலத்தில் அம்மா வெளியே வந்து, மத்தியானத்துக்கு மீன் வாங்கிக்கொண்டு வா என்று எனக்குச் சொன்னார். வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டுச் சட்டி மீனைக் கண்டது அன்றைக்குத்தான். கவனமாகப் பாருங்கோ என்று சொல்லப்பட்ட மனிசி அதன் பிறகு நாலு வருடம் இருந்தார்.

அன்றைக்குச் சாப்பிட்ட பிறகு சாந்தி சாமித்தட்டிலிருந்த கல்வெட்டைக் கண்டாள். கோட்டையும் கண்டாள். ஏன் இதை விட்டாய் என்று கேட்டாள். அம்மாவுக்குக் காது கேட்காத தூரத்தில் வைத்து உண்மையைச் சொன்னேன். மறதிப் பிழை என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் சேட்டுப் பையிலிருந்த பேனையை எடுத்து, கடதாசி கறுத்திருந்த இடத்தில் சாந்தி என்று எழுதினாள். அதற்குப் பக்கத்தில் தன் இப்போதைய பெயரையும் எழுதினாள். இடம் காணாமல் ஓரத்தில் வளைத்து எழுதினாள்.

இடாப்பக்கா அதோடு என்னை விட்டார் என்று நினைத்தால் பிழை. மதில் நிழலில் நின்ற அரை மணித்தியாலத்தில் பக்கத்து வீட்டு உம்மாவோடு கதைத்திருக்கிறார். முஸ்லிம் ஆட்கள் கல்வெட்டு அச்சடிப்பதில்லை. பள்ளிவாசலில் அறிவிப்பதோடு முடிந்துவிடும். இவ்வளவு காலமும் தன் கொப்பிகளில் இந்தப் பக்கம் முழுக்க வெறுமையாகக் கிடந்திருக்கிறதே என்று மனிசிக்கு ஒரே துக்கம். அடுத்த வியாழக்கிழமை புதுக் கொப்பியோடு போய்விட்டார். எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எங்கே போனார்கள், யார் திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை. வாயால் கேட்டுக் கேட்டு எழுதினார். அந்த ஒழுங்கையில் அவருக்குச் சீனி போட்ட தேத்தண்ணிதான் கொடுத்தார்கள். குடித்தார். என்னிடம் வந்தால் மட்டும் சீனி வேண்டாம்.

அம்மாவின் கல்வெட்டில் ஐந்து கோடு, ஐந்து பெயர். நாலாவது பெயருக்குக் கீழே மச்சானின் பெயர், மூன்று பிள்ளைகளின் பெயர். கனடாத் தம்பி தொலைபேசியில் முணுமுணுத்தான். இடாப்பக்கா சொன்னதையே சொன்னேன். முழுசா வேணுமெண்டால் அடிப்பன், குறைச்சு வேணுமெண்டால் வேறை அச்சகம் பார். செவ்வாய்க்கிழமை அவர் வந்து அடிமட்டத்தை வைத்தார். நிற்காமல் அடி வரைக்கும் இறங்கியது. பனங்கட்டியில் பாதியை உடைத்து என்னிடம் நீட்டினார். அவர் எனக்கு எதையும் கொடுத்தது அந்த ஒரு முறைதான்.

இடாப்பக்கா போன மாரியில் போனார். எண்பதை நெருங்கிவிட்டார். நித்திரையில் போனார். கலியாணம் கட்டாத ஆள். கல்வெட்டு அடிக்க அவுஸ்திரேலியாவிலிருந்து தங்கச்சியின் மகன், அவருடைய பெறாமகன், வந்தார். நல்ல மனிதர். வம்சாவளியை ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் பழைய அறிவித்தல்களை எடுத்து, சகோதரங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். ஒருவரும் விடுபடவில்லை. இருந்தும் விசாரித்தேன். அந்த வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. இப்போது கல்வெட்டு அடிக்க வருகிற ஆட்கள் என்னைக் கண்டும் முகம் சுளிக்கிறார்கள்.

பக்கத்தை நானே செய்தேன், கோடு கோடாக எண்ணி. அச்சடிக்க முதல் பெறாமகன் சரி பார்த்தார். அவருடைய விரல் ஓரிடத்தில் நின்றது.

"அண்ணை, இதிலை ஒரு பிழை. பெரியம்மாவுக்குப் பிள்ளையள் இல்லை. அவவின்ரை பேருக்குக் கீழை ஒரு கோடு சும்மா நிக்குது."

"நிக்கட்டும்" என்றேன்.